செங்கலுக்கு எந்த வடிவம்? உப்புத் தரையில் ஓடும் ரோட்ஸ்டர்களின் கதை

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். உங்ககிட்ட நல்ல இன்ஜின் ஒண்ணு இருக்குன்னு வச்சுக்குவோம். முன்னாடி கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் தட்டையான தரை. டிராஃபிக் இல்லை, வளைவு இல்லை, சிக்னல் இல்லை. நேரா ஓட்டணும், எவ்வளவு வேகமா முடியுமோ அவ்வளவு வேகமா. அவ்வளவுதான் போட்டி. இப்போ சொல்லுங்க, அந்த இன்ஜினுக்கு மேல எந்த பாடியை வைப்பீங்க?

"ராக்கெட் மாதிரி ஒண்ணு" அப்படின்னு உடனே பதில் வரும். எனக்கும் முதல்ல அதுதான் தோணுச்சு. ஆனா லேண்ட் ஸ்பீட் ரேஸிங்னு சொல்ற இந்த விளையாட்டோட வரலாறைப் படிக்கப் படிக்க, ஒரு விஷயம் என்னை விடவே இல்லை. ராக்கெட் வடிவம் எப்படி இருக்கணும்னு தெரிஞ்ச பிறகும், காத்துல செங்கல் மாதிரி மோதுற 1920-கள், 30-களின் ஃபோர்டு ரோட்ஸ்டர் பாடியை வச்சு இன்னைக்கு வரைக்கும் ஜனங்க ரெக்கார்டுக்கு ஓடுறாங்க. தெரியாம இல்லை, தெரிஞ்சேதான். அது ஏன்னு புரிஞ்சுக்கத்தான் இந்த எபிசோடு.

வறண்ட ஏரியும் பழைய காரும்

1930-கள், தெற்கு கலிஃபோர்னியா. லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வடக்கே மொஹாவி பாலைவனம். அங்கே மியூராக், எல் மிராஜ் மாதிரி வறண்ட ஏரிகள் இருக்கு. பேருக்குத்தான் ஏரி. மழை பெஞ்சா கொஞ்சம் தண்ணி நிற்கும், வெயில் அடிச்சா அது காய்ஞ்சு, களிமண் தரை சிமென்ட் போட்ட மாதிரி இறுகிடும். மைல் கணக்கில் ஒரு மேடு பள்ளம் இருக்காது.

அங்கே வந்தவங்க பணக்காரர்கள் இல்லை. மெக்கானிக் ஷெட்டில் வேலை பார்க்கிற பசங்க, ஸ்கூல் முடிச்ச பசங்க. அவங்க கையில கிடைச்சது செகண்ட் ஹேண்ட் ஃபோர்டு. 1927 வரைக்கும் வந்த மாடல் டி, அதுக்கப்புறம் 1931 வரைக்கும் வந்த மாடல் ஏ, 1932-ல் சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் வி8 இன்ஜினோட வந்த புது ஃபோர்டு. இதுலயும் அவங்க தேடிப் போனது ரோட்ஸ்டரை. ரோட்ஸ்டர்னா ரெண்டு பேர் உட்காரலாம், நிலையான கூரை கிடையாது, பக்கக் கண்ணாடி கிடையாது. எடை கம்மி, விலையும் கம்மி. அதனாலதான் அது ரேஸ் கார் ஆச்சு. அந்தத் தேர்வை செஞ்சது காற்றியக்கவியல் இல்லை, பாக்கெட்.

1937-ல் அங்கே இருந்த சின்னச் சின்ன கிளப்புகள் சேர்ந்து சதர்ன் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன்னு ஒரு அமைப்பை ஆரம்பிச்சாங்க. சுருக்கமா எஸ்.சி.டி.ஏ. நேரத்தை ஒழுங்கா அளக்கணும், யாரும் சாகாமப் பார்த்துக்கணும். இந்த ரெண்டுக்கும்தான் அமைப்பு. இன்னைக்கும் அது உயிரோட இருக்கு. இப்படி அளக்க ஆரம்பிச்சதும் ஒரு உண்மை எல்லாருக்கும் உறைச்சது. ஒரு வேகத்துக்கு மேல போனா எதிராளி பக்கத்து லேனில் ஓடுற கார் இல்லை. காத்து.

காத்து எவ்வளவு கூலி கேட்கும்?

ஓடுற பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டின அனுபவம் எல்லாருக்கும் இருக்கும். (இப்போ செய்யாதீங்க.) உள்ளங்கையை நேரா காட்டினா காத்து பின்னால தள்ளும். கையை மடக்கி முஷ்டியாக்கினா தள்ளுறது குறையும். கையை விரிச்சுத் தட்டையா வச்சு விரல் நுனியை லேசா மேல தூக்கினா, கை தானா மேலே போகும். இந்த எபிசோடுக்குத் தேவையான இயற்பியல்ல பாதி இதுக்குள்ள இருக்கு.

மீதி பாதி ஒரு கணக்கு. வேகம் இரண்டு மடங்கானா காத்துத் தடை நான்கு மடங்காகும். அந்தத் தடையை இரண்டு மடங்கு வேகத்துல தள்ளணும், அதனால தேவைப்படுற பவர் எட்டு மடங்கு. 100 மைல் வேகத்தில் காத்தைத் தள்ள 50 குதிரைத்திறன் செலவாகுதுன்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்கிட்டா, 200 மைலுக்கு 400 வேணும். இதையே திருப்பிப் பாருங்க. ராப்பகலா பட்டறையில் உட்கார்ந்து இன்ஜினோட பவரை இரண்டு மடங்காக்கினாலும் வேகம் ஏறப் போறது சுமார் 26 சதவீதம் மட்டும்தான். அதே 26 சதவீதத்தை, இன்ஜினைத் தொடாமலேயே, காத்துத் தடையைப் பாதியாகக் குறைச்சும் வாங்கலாம். உதாரணமா, 150 மைல் ஓடுற காரோட தடையைப் பாதியாக்கினா, டயர் உராய்வையெல்லாம் விட்டுட்டு கணக்குப் போட்டால், 189 மைல். அதாவது பாடிங்கிறது கண்ணுக்குத் தெரியாத இன்னொரு இன்ஜின்.

தடையைக் குறைக்க ரெண்டு வழி. ஒண்ணு, காத்து பார்க்கிற முகப்புப் பரப்பைக் குறைக்கிறது. இன்னொண்ணு, வடிவத்தை வழவழப்பாக்குறது. பொறியாளர்கள் இந்த வழவழப்பை டிராக் கோஎஃபிஷியன்ட்னு ஒரு எண்ணால சொல்வாங்க. எண் சின்னதா இருந்தா வடிவம் நல்லா வழுக்குதுன்னு அர்த்தம். இதில் நம்ம கண்ணு ஏமாறும் இடம் ஒண்ணு இருக்கு. முன்பக்கம் கூராக இருந்தா போதும்னு நினைப்போம். உண்மையில் இந்த வேகங்களில் பின்பக்கம்தான் பெரிய ஆளு. காத்து முன்னால பிரியுறது சுலபம், பின்னால அமைதியா வந்து சேரணும். சேராம பிய்ஞ்சு சுழன்றால் அந்தச் சுழல் காரைப் பின்னாடி இழுக்கும். அதனாலதான் நீர்த்துளி மாதிரி முன்னே உருண்டையும் பின்னே நீண்ட வாலும் இருக்கிற வடிவம் நல்லது.

இப்போ ரோட்ஸ்டரைப் பாருங்க. நட்டுக்குத்தா நிற்கிற ரேடியேட்டர், திறந்து கிடக்கிற சீட் குழி, வெளியே சுத்துற நாலு சக்கரம், வெட்டி விட்ட மாதிரி ஒரு பின்பக்கம். திறந்த சக்கரத்துக்கு இன்னொரு பாவமும் உண்டு. கார் 150 மைலில் போகும்போது சக்கரத்தோட உச்சி 300 மைலில் முன்னோக்கிப் போகுது. காத்தோட சண்டை போட இதைவிட மோசமான இடம் கிடையாது.

முதல்ல அடி வாங்கினவங்க

நீள்வடிவ பாடி புது யோசனை கிடையாது. 1899-ல் பெல்ஜியத்துக்காரர் கமீல் ஜெனாட்ஸி, பாரிஸ் பக்கத்தில் ஒரு எலெக்ட்ரிக் காரை மணிக்கு 105.88 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். 100 கிலோமீட்டரைத் தாண்டின முதல் கார் அதுதான். ஆமா, எலெக்ட்ரிக் கார்! பாடி டார்பிடோ வடிவம். ஆனா அவர் அந்த டார்பிடோவுக்கு மேல, குதிரை மேல உட்கார்ந்த மாதிரி, இடுப்புக்கு மேல முழுசா வெளியே தெரியுற மாதிரி உட்கார்ந்திருப்பார். சக்கரமும் அச்சும் எல்லாம் வெளியேதான். பாடியை மட்டும் வழவழப்பாக்கி, ஓட்டுற ஆளைக் கணக்கில் விட்டுட்டாங்க. இந்த 'ஆளை எங்கே வைக்கிறது' பிரச்சனையை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால வரும்.

1906-ல் ஃப்ளோரிடா கடற்கரையில் ஸ்டான்லி கம்பெனியோட நீராவி கார் ஒண்ணு ஓடுச்சு. படகைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி ஒரு பாடி. ஓட்டினவர் ஃப்ரெட் மேரியட். வேகம் மணிக்கு 127.66 மைல், அதாவது 205 கிலோமீட்டர். அந்தக் காலத்துக்கு நம்ப முடியாத வேகம். அடுத்த வருஷம் இன்னும் வேகமா போகலாம்னு அதே கடற்கரைக்கு வந்தாங்க. மணலில் ஒரு பள்ளத்தில் கார் ஏறி இறங்கின நேரம், அடியில் காத்து புகுந்து காரையே தூக்கிடுச்சு. விழுந்து சிதறியது. மேரியட் பிழைச்சது அதிர்ஷ்டம்.

பஸ் ஜன்னல்ல மேலே போன கை மாதிரிதான். கவிழ்த்த படகு, அடியில் தட்டை, மேலே வளைவு. கிட்டத்தட்ட விமான இறக்கை. தடை கம்மியான வடிவம்தான், ஆனா அது பறக்க ஆசைப்பட்ட வடிவம்.

மூணாவது பாடம் இன்னும் கொடுமையானது. 1938 ஜனவரி 28. ஜெர்மனியில் ஃப்ராங்க்ஃபர்ட் - டார்ம்ஸ்டாட் நெடுஞ்சாலை. காலையில் ருடால்ஃப் கராச்சியோலா மெர்சிடிஸ் ரெக்கார்டு காரில் மணிக்கு 432.7 கிலோமீட்டர் ஓட்டினார். பொதுச் சாலையில் அந்த வேகத்தை 2017 வரைக்கும் யாரும் தாண்டலை. அந்த காரோட டிராக் கோஎஃபிஷியன்ட் 0.157. இன்னைக்கு ரோட்டில் ஓடுற நல்ல கார்களே 0.25 பக்கம்தான் இருக்கு. காத்து உள்ளே போற துளைகளைக்கூட மூக்கில் ரெண்டு சின்ன ஓட்டையா சுருக்கிட்டு, இன்ஜினைக் குளிர்விக்க ஐஸ் நிரப்பின தொட்டி வச்சிருந்தாங்க.

அதே நாள், கொஞ்ச நேரம் கழிச்சு, போட்டிக் கம்பெனியான ஆட்டோ யூனியனின் காரில் பெர்ன்ட் ரோஸமேயர் கிளம்பினார். ஜெர்மனியே கொண்டாடின ஓட்டுநர். வயசு 28. அதுக்குள்ள காத்து வேகம் பிடிச்சிருந்தது. மரங்கள் இல்லாத ஒரு திறந்த இடத்தைக் கடக்கும்போது, சுமார் 430 கிலோமீட்டர் வேகத்தில், கார் பக்கவாட்டில் விலகி சிதறிப்போனது. ரோஸமேயர் அங்கேயே இறந்தார். பக்கக் காத்து மட்டும்தான் காரணமா, தரையை ஒட்டி இறக்கியிருந்த பக்கத் தகடுகள் முதல்ல பிய்ஞ்சதான்னு இன்னைக்கும் விவாதம் இருக்கு. எந்தப் பதிலை எடுத்தாலும் அது பாடியைப் பற்றின பதில்தான். முன்னாலிருந்து வர்ற காத்துக்கு அவ்வளவு அழகா வழி விட்ட வடிவம், பக்கத்திலிருந்து பார்த்தா நீளமான, மூடின, பெரிய சுவர். படகுப் பாய் மாதிரி.

ஆக, பாடி தேர்ந்தெடுக்கிறவர் காத்தைப் பார்த்து மூணு கேள்வி கேட்கணும். இது என்னை எவ்வளவு தள்ளும்? எவ்வளவு தூக்கும்? எந்தப் பக்கம் திருப்பும்? முதல் கேள்விக்கு மட்டும் பதில் வாங்கிட்டுப் போனவங்க கதைதான் மேலே சொன்னது.

மூணாவது கேள்விக்குப் பதில் நமக்குப் பழக்கமானதுதான். பட்டத்துக்கு ஏன் வால் கட்டுறோம்? அம்புக்கு ஏன் இறகைப் பின்னால வைக்கிறோம்? எடை முன்னாடியும், காத்து பிடிக்கிற பரப்பு பின்னாடியும் இருந்தா, பக்கக் காத்து வந்தாலும் அது தானா நேராகும். தலைகீழா வச்சா திரும்பிடும். டொனால்ட் கேம்ப்பெல் 1960-ல் அமெரிக்காவோட யூட்டா மாநிலத்தில் இருக்கிற பான்வில் உப்புத் தரையில் தன்னோட ப்ளூபேர்ட் காரை மோசமா விபத்துக்குள்ளாக்கினார். மறுபடி கட்டும்போது பின்னால ஒரு உயரமான வால் துடுப்பு சேர்த்தாங்க. 1964-ல் அதே கார் ஆஸ்திரேலியாவில் 403 மைல் ரெக்கார்டு போட்டுச்சு.

போர் விமானத்தின் பெட்ரோல் டேங்க்

இப்போ மறுபடி கலிஃபோர்னியா. இரண்டாம் உலகப் போர் முடிஞ்சது. மியூராக் ராணுவத்துக்குப் போயிடுச்சு, பசங்க எல் மிராஜுக்கு நகர்ந்தாங்க. இந்த நேரத்தில்தான் பில் பர்க்னு ஒருத்தர் வர்றார். போருக்காக தென் பசிபிக் தீவுகளில் இருந்தபோது, விமானங்களோட வயித்துக்கும் இறக்கைக்கும் கீழே மாட்டுற கூடுதல் பெட்ரோல் டேங்குகளை அவர் பார்த்திருக்கார். அந்த டேங்க் காத்துக்காகவே வடிவமைச்சது. உருண்டை மூக்கு, நீண்ட வால், நீர்த்துளி வடிவம். யாரோ விமானப் பொறியாளர்கள் கணக்குப் போட்டுச் செஞ்ச வடிவம், போர் முடிஞ்சதும் காயலான் கடையில் சொற்ப விலைக்குக் கிடைச்சது.

1946-ல் பர்க் 165 கேலன் டேங்க் ஒண்ணை எடுத்து, அதுக்குள்ள ஃபோர்டு இன்ஜினை முன்னால வச்சு கார் ஆக்கினார். மணிக்கு சுமார் 132 மைல் ஓடுச்சு. ஆனா டேங்க் ரொம்பச் சின்னது. இன்ஜினை வச்ச பிறகு ஆளுக்கு உள்ளே இடமில்லை, வெளியே துருத்திக்கிட்டு உட்கார வேண்டியதாச்சு. ஜெனாட்ஸி பிரச்சனைதான், 47 வருஷம் கழிச்சு. பர்க் அடுத்ததா பி-38 போர் விமானத்தோட 300 கேலனுக்கு மேல பிடிக்கிற பெரிய டேங்குக்கு மாறினார். இன்ஜின் பின்னால, ஆள் முன்னால உள்ளே. தலை மட்டும் வெளியே. டேங்க் பெருசாச்சு, ஆனா ஆள் உள்ளே போனதால மொத்தக் கணக்கு லாபம்.

இப்படிப் பிறந்ததுதான் பெல்லி டேங்க். பின்னாளில் இதுக்குன்னே லேக்ஸ்டர்னு தனிப் பிரிவு வந்தது: பாடி எப்படி வேணும்னாலும் இருக்கலாம், சக்கரம் நாலும் வெளியே தெரியணும். சக்கரத்தையும் மூடினால் அது ஸ்ட்ரீம்லைனர். வேற பிரிவு.

ஒரே பாடி, ரெண்டு இன்ஜின்

அலெக்ஸ் ஸைடியஸ் அமெரிக்க ராணுவ விமானப் பிரிவில் இருந்துட்டு வந்து 1946-ல் கலிஃபோர்னியாவின் பர்பேங்கில் சோ-கால் ஸ்பீட் ஷாப்னு ஒரு கடை திறந்தவர். டீன் பேச்சலர் பின்னாளில் பேர் வாங்கின ஆட்டோமொபைல் எழுத்தாளர். இவங்க ரெண்டு பேரும் 1949-ல் சக்கரங்களையும் மூடின ஒரு முழு ஸ்ட்ரீம்லைனர் கட்டினாங்க. பாடித் தகடு அடிச்சது அதே ஊரில் இருந்த வேலி கஸ்டம் பட்டறை. தாழ்வா, அகலமா, சக்கரங்களுக்கு மேல மட்டும் லேசா எழும்பி இறங்குற வடிவம். போருக்கு முன்னாடி வந்த ஜெர்மன் ரெக்கார்டு கார்களோட சாயல் அதில் அப்படியே தெரியும்.

அந்த வருஷம் ஆகஸ்டில் எஸ்.சி.டி.ஏ. முதல்முறையா பான்வில் உப்புத் தரையில் போட்டி நடத்தினது. இன்னைக்கு வரைக்கும் நடக்கிற ஸ்பீட் வீக்குக்கு அதுதான் தொடக்கம். சோ-கால் கார் ஒரே பாடியில் ரெண்டு இன்ஜினை மாத்தி மாத்தி ஓடுச்சு. ஃபோர்டோட சின்ன வி8, கம்பெனியில் இருந்து வரும்போது அதுக்கு வெறும் 60 குதிரைத்திறன். அதை முறுக்கேத்தி வச்சு 150 மைலைத் தாண்டினாங்க. பெரிய மெர்க்குரி வி8-ஐ வச்சப்போ ஒரு பக்கம் 193 மைல், ரெண்டு பக்கச் சராசரி 189.745 மைல். கிலோமீட்டரில் 305. அடுத்த வருஷம் சராசரியே 200 மைலைத் தாண்டி 208-க்குப் போச்சு. இவ்வளவுக்கும் அது சாலையில் ஓடுற காருக்காகச் செஞ்ச ஃப்ளாட்ஹெட் இன்ஜின். ஏதோ மாயம் செஞ்ச மாதிரி இருந்தது.

1951-ல் அதே காரை ஃப்ளோரிடாவில் டேட்டோனா கடற்கரைக்குக் கொண்டு போனாங்க. மணல், கடல் காத்து. கார் கட்டுப்பாட்டை இழந்து உருண்டு நொறுங்கினது. அதோட அதன் கதை முடிஞ்சது. பான்வில் உப்பில் அதிசயம் செஞ்ச பாடி, வேற தரையில், வேற காத்தில் தாங்கலை. அடுத்ததா ஸைடியஸ் கட்டினது ஒரு பி-38 பெல்லி டேங்க் லேக்ஸ்டர். 1952-ல் அது 198 மைல் ஓடுச்சு. ஸ்ட்ரீம்லைனரை விடக் கொஞ்சம் கம்மிதான். இன்னைக்கு ஹாட் ராட் உலகத்தில் மிகப் பிரபலமான கார்களில் அதுவும் ஒண்ணு.

அப்போ ரோட்ஸ்டர் ஏன் சாகலை?

இப்போ நம்ம கேள்விக்கு வருவோம். 1949-லேயே பதில் தெரிஞ்சுபோச்சு. அப்புறம் எதுக்கு இன்னும் ரோட்ஸ்டர்?

விதிப்புத்தகம்தான் காரணம். எஸ்.சி.டி.ஏ. கார்களை இன்ஜின் அளவு, எரிபொருள், பாடி வகைன்னு பிரிச்சு வச்சிருக்கு. ரோட்ஸ்டர் பிரிவுன்னா பாடி ரோட்ஸ்டராவே இருக்கணும். நீங்க வால் ஒட்டிக்க முடியாது, சக்கரத்தை மூட முடியாது. நீங்க போட்டி போடுறது ராக்கெட்டோட இல்லை, உங்களை மாதிரியே செங்கல் ஓட்டுற இன்னொருத்தரோட. பணம் இருக்கிறவர் விண்ட் டனல் வாடகைக்கு எடுத்து புது வடிவம் செஞ்சு உங்களை நசுக்கிட முடியாது. அந்த வடிவத்துக்கு வேற பிரிவு இருக்கு, அங்கே போகச் சொல்லிடுவாங்க. ஏழைப் பசங்க பாக்கெட் பார்த்து எடுத்த முடிவை இந்த விதிப்புத்தகம் தலைமுறை தலைமுறையா காப்பாத்தி வச்சிருக்குன்னு எனக்குத் தோணுது.

ஆனா செங்கல்லயும் தேர்வு இருக்கு. நீங்க கட்டுறீங்கன்னு வச்சுக்குவோம். மாடல் டி எடுப்பீங்களா, மாடல் ஏ-வா, 1932-ஆ?

மாடல் டி பாடி குறுகலானது. முகப்புப் பரப்பு கம்மி. முடிவு சுலபம்னு தோணும். ஆனா பாதுகாப்பு விதிப்படி உள்ளே கனமான குழாய்களால் ஆன ரோல் கேஜ் வேணும், ஹெல்மெட் போட்ட ஆள் அதுக்குள்ள உட்காரணும். பாடி சின்னதா இருந்தா தோளும் கேஜும் வெளியே துருத்தும். சின்னச் சட்டை போட்டா உடம்பு சின்னதாகிடுமா? 1932 பாடி அகலம், ஆனா ஆளையும் கேஜையும் அதிகமா உள்ளே விழுங்கிக்கும். மாடல் ஏ ரெண்டுக்கும் நடுவில். உங்க உயரம் என்ன, இன்ஜின் எவ்வளவு நீளம், அதை எவ்வளவு பின்னால தள்ள விதி விடுதுங்கிறதெல்லாம் தெரியாம இதுக்குப் பதில் சொல்ல முடியாது. பாடியை மட்டும் தனியா அளந்து பார்க்கிறவர் ஏமாறுவார். ஆள் உட்கார்ந்த பிறகு அளக்கணும்.

அடுத்தது, எங்கே ஓட்டப் போறீங்க? எல் மிராஜில் ஓட்டம் 1.3 மைல்தான். அங்கே சீக்கிரம் வேகம் எடுக்கணும், எடை பாரம். பான்விலில் ஐந்து மைல் வரைக்கும் இடம் இருக்கு. அங்கே எடை நண்பன். உப்பு வழுக்கும், டயருக்குப் பிடிமானம் வேணும்னு ஈயக் கட்டிகளை ஏத்துறாங்க. அதையும் கண்ட இடத்தில் வைக்கக் கூடாது. எடை முன்னாடி, காத்து பிடிக்கிற இடம் பின்னாடின்னு பார்த்தோமே, அந்த அம்புக் கணக்கை இங்கே ஈயத்தை வச்சு சரி பண்றாங்க. வடிவத்தை மாத்த விதி விடலை, எடையை மாத்த விடுது.

அப்புறம் சில்லறை வேலைகள். ரேடியேட்டரை மூடிட்டு உள்ளே தண்ணித் தொட்டி. கண்ணாடியைக் கழட்டிடுறது. பக்கத்து சீட் குழியை மேலே மூடிடுறது. சக்கரத்துக்கு வெளியே வழவழப்பான வட்டத் தகடு. மூக்கு லேசா கீழே, முதுகு லேசா மேலே இருக்கிற மாதிரி காரை நிறுத்துறது, அடியில் காத்து புகாம இருக்க. அனுமதி இருக்கிற பிரிவுகளில் அடிப்பக்கத்துக்கும் தகடு. இதெல்லாம் ஒவ்வொண்ணா பார்த்தா அற்பம். ஆனா வேகத்துக்கு எட்டு மடங்கு பவர் கேட்கிற அந்தக் கணக்கில், ஒரு சின்ன மிச்சமும் கண்ணுக்குத் தெரியும்.

கடைசியா, ரெக்கார்டு எப்படி எழுதுறாங்கன்னும் சொல்லிடணும். ஸ்பீட் வீக்கில் ஒரு தடவை வேகமா ஓடினா போதாது. பழைய ரெக்கார்டைத் தாண்டினதும் காரைத் தனியா நிறுத்தி வைக்கச் சொல்வாங்க. அடுத்த நாள் காலையில் மறுபடி ஓட்டணும், ரெண்டோட சராசரிதான் கணக்கு. ஒரே ஒரு தடவை அதிர்ஷ்டத்தில் நேரா போன பாடிக்கு அங்கே மரியாதை கிடையாது. நேத்து போன மாதிரியே இன்னைக்கும், வேற காத்திலும் போகணும்.

எனக்கு இந்தக் கதையில் பிடிச்சது இதுதான். நாம எப்பவும் 'மிகச் சிறந்த வடிவம் எது'ன்னு கேட்கிறோம். உப்புத் தரையில் நிற்கிறவங்க கேட்கிற கேள்வி வேற. எந்தத் தரை, எந்தக் காத்து, எந்த விதி, உள்ளே உட்காரப் போறது யார்? ரோஸமேயரோட காரும் சோ-கால் ஸ்ட்ரீம்லைனரும் முதல் கேள்விக்கு அருமையான பதில்கள். இரண்டாவது வகைக் கேள்விகள் வந்தப்போதான் அதுங்களுக்குப் பதில் இல்லாமப் போச்சு. நூறு வயசை நெருங்குற மாடல் ஏ பாடியில், தண்ணித் தொட்டியும் ஈயக் கட்டியும் வச்சு, காலையில் இரண்டாவது ஓட்டத்துக்கு வரிசையில் நிற்கிறவர் அந்தக் கேள்விகள் எல்லாத்தையும் ஒவ்வொண்ணா தாண்டித்தான் அங்கே வந்திருக்கார்.

உங்க கையில அந்த இன்ஜின் இருந்தா எந்த பாடியை வைப்பீங்கன்னு எழுதுங்க. ஒரே ஒரு நிபந்தனை: எங்கே ஓட்டப் போறீங்கன்னு முதல்ல சொல்லிட்டு, அப்புறம் பாடியைச் சொல்லுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.